டாக்டரே இல்லை என்று சொன்ன பிறகு நீதிமன்றம் என்ன செய்யும்? படைவீரர்களின் ஊன ஓய்வூதிய வழக்குகள்: ஓர் எளிய அறிமுகம்

உடம்புக்கு முடியவில்லை என்று பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களின் வீட்டுக்கு, சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வரும். அரைப் பக்கம்கூட இருக்காது. உங்களுக்கு இருக்கும் நோய் படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் கூடியதும் அல்ல, ஆகவே ஊன ஓய்வூதியம் தர இயலாது என்பதுதான் அதன் சாரம்.

என் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கடிதம் இருந்தது. மூச்சுத்திணறலோடு முப்பத்தோரு வயதில் ஊர் திரும்பியவர் அவர். அந்தக் கடிதத்தை எதிர்த்து அவர் எங்கும் போகவில்லை. ஏன் பெரியப்பா என்று கேட்டால், "டாக்டருங்களே இல்லைன்னு எழுதிட்டாங்க. கோர்ட்டு என்னப்பா பண்ணும், ஜட்ஜுக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கத் தெரியுமா?" என்பார். நியாயமான கேள்விதான். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் ஊர்களில் இதே கேள்வியைப் பலரும் கேட்டிருப்பார்கள். பதில் தெரியாமலே எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஓய்வூதியம் என்ன என்று பார்த்துவிடலாம். பட்டாளத்து வீடுகளில் இதை டிசபிலிட்டி பென்ஷன் என்றுதான் சொல்வார்கள். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பணியாற்றிய காலத்துக்கானது, இன்னொன்று உடல் இழப்புக்கானது. சாதாரணமாக ஒரு சிப்பாய் சர்வீஸ் பென்ஷன் வாங்க 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். ஆறாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ நோயால் வெளியேற்றப்பட்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். அவருக்கு மாதாமாதம் ஏதாவது வர வேண்டுமென்றால் இந்த ஊன ஓய்வூதியமே பெரிய பிடிமானம். அதனால் இது மறுக்கப்படும்போது இழப்பது கொஞ்ச நஞ்சமல்ல.

இதைப் பெற இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உடல் இழப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாக மெடிக்கல் போர்டு என்னும் ராணுவ மருத்துவர் குழு மதிப்பிட வேண்டும். மற்றொன்று, அந்த இழப்பு படைப்பணியால் வந்ததாகவோ படைப்பணியால் கூடியதாகவோ இருக்க வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கும்.

வந்தது, கூடியது என்ற இரண்டும் வெவ்வேறு. ரோந்துப் பணியில் ஜீப் கவிழ்ந்து முதுகெலும்பு உடைந்தால், அது பணியால் வந்தது. இதில் குழப்பம் குறைவு. ஆனால் ஒருவருக்குள் ஆஸ்துமாவுக்கான தன்மை எப்போதோ இருந்து, சமவெளியில் வாழ்ந்திருந்தால் அது தலைகாட்டாமலே போயிருக்கலாம். அவரை 15,000 அடி உயரத்தில் இரண்டு குளிர்காலம் நிறுத்தி வைத்தபோது அது முற்றிவிட்டது என்றால், பணியால் கூடியது என்ற கணக்கில் அது வரும். ஓய்வூதியம் பெற இரண்டில் ஒன்று போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல், "நோய் எனக்கு முன்னாடியே இருந்திருக்குமோ" என்று தானாகவே ஒதுங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியே இருந்திருந்தாலும் கோரிக்கை அதோடு முடிந்துவிடுவதில்லை.

பணம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100 சதவீத இழப்பு என்றால், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத்துக்கான பகுதியாக வரும். இழப்பு குறைந்தால் அதே விகிதத்தில் தொகையும் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு இழப்புக்கு 12,000 ரூபாய். 20 சதவீதத்துக்கு 2,400 ரூபாய். ஆனால் ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2001 ஜனவரியில் வந்த அரசாணையின்படி இந்தச் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் முறை வந்தது. 50க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 50 என்று கொள்வார்கள். 50 முதல் 75 வரை இருந்தால் 75. அதற்கும் மேலே போனால் 100. ஆக, நம் கணக்கில் இருந்த 2,400 ரூபாய் 6,000 ஆகிவிடும். இந்தச் சலுகை நோயால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான், பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்று அரசு பல காலம் வாதாடியது. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. இரு தரப்பினருக்கும் சலுகை உண்டு என்று முடிவானது.

சரி, மறுப்பு எங்கே பிறக்கிறது?

உடல்நலக் குறையோடு படையை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் மெடிக்கல் போர்டு முன் நிற்க வேண்டும். ராணுவ மருத்துவர்கள் சிலர் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்புவார்கள். நோயின் பெயர், எப்போது எந்த ஊரில் தொடங்கியது, எத்தனை சதவீதம் என்பவற்றோடு, பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்றும் அதில் கட்டங்கள் இருக்கும். வந்ததா, கூடியதா என்ற கட்டங்களில் இல்லை, இல்லை என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் முடிவு அங்கேயே ஆகிவிடும். அப்புறம் வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசும் ஓய்வூதியக் கணக்கு அலுவலகமும் அந்தப் படிவத்தைப் பின்பற்றித்தான் பதில் எழுதும். பக்கத்தில் காரணம் எழுதவும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் பல வழக்குகளில் "பிறவியிலேயே அமைந்த தன்மை, பணிக்குத் தொடர்பில்லை" என்று ஒரே ஒரு வரி இருக்கும். சில வழக்குகளில் அந்த வரியும் இருக்காது. அந்தச் சின்ன இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்த பிறகு துறைக்குள்ளேயே இரண்டு மேல்முறையீடுகள் உண்டு. முதல் மேல்முறையீட்டை ஆறு மாதங்களுக்குள் ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கும் மறுத்தால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. இங்கேயும் ஆறு மாதக் கெடு உண்டு. இந்தக் குழுக்களில் மறுபடி மருத்துவக் கருத்து கேட்கப்படும். பெரும்பாலும் பழைய படிவத்தைப் பார்த்தே புதிய கருத்து எழுதப்படும் என்பதால், இந்தக் கட்டத்தில் முடிவு மாறுவது அரிது. ஆனாலும் இதைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். உள்ளே இருக்கும் வழிகளைப் பயன்படுத்திவிட்டு வா என்றுதான் சட்டம் சொல்கிறது.

வெளியே என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. தலைமை அமர்வு புது டெல்லியில். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. ஒவ்வொரு அமர்விலும் நீதித்துறை உறுப்பினர் ஒருவரும், படையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற நிர்வாக உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து உட்காருவார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் இதுதான் இடம். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றில் இருந்தவர்கள் இங்கே வர முடியாது. அவர்களுக்கு உயர் நீதிமன்றம்தான்.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். டாக்டர்கள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நீதிபதிக்கு மருத்துவம் தெரியாது. பிறகு அவர் எதைத்தான் பார்ப்பார்?

ஒரு காலத்தில் நீதிமன்றங்களே ஏறக்குறைய பெரியப்பா மாதிரிதான் யோசித்தன. 2009இல் தாமோதரன் என்பவரின் வழக்கில், மனநோய் காரணமாக வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு ஓய்வூதியம் உண்டா என்ற கேள்வி வந்தது. மெடிக்கல் போர்டு நிபுணர்களின் அமைப்பு, அதன் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பல கோரிக்கைகள் தள்ளுபடி ஆயின.

அப்புறம் வந்தது தரம்வீர் சிங் வழக்கு. இந்தத் துறையில் ஒரே ஒரு வழக்கைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

தரம்வீர் சிங் 1985 ஜூன் 15 அன்று சிப்பாயாகச் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் போல வேலை பார்த்த பிறகு, 1994 ஏப்ரல் 1 அன்று வலிப்பு நோய் என்று வெளியேற்றப்பட்டார். இழப்பு 20 சதவீதம், நிரந்தரம். ஆனால் நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று போர்டு எழுதியது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2004இல் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது. 2009இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2013 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக்கும் எஸ்.ஜே. முகோபாத்யாயாவும் தனி நீதிபதியின் தீர்ப்பே சரி என்றார்கள். வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் பத்தொன்பது ஆண்டுகள்.

அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் மருத்துவம் பேசவில்லை. வலிப்பு எதனால் வருகிறது என்று ஆராயவில்லை. அரசே எழுதி வைத்திருந்த விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றைப் போர்டு பின்பற்றியதா என்று பார்த்தார்கள். அந்த விதிகள் 1982ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒருவர் படையில் சேரும்போது அவரிடம் இன்ன குறை இருக்கிறது என்று எழுதி வைக்கப்படவில்லை என்றால், அவர் அப்போது உடலும் மனமும் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்பது ஒன்று. இது சும்மா இரக்கத்தில் சொல்வதல்ல. ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1.6 கிலோமீட்டர் ஓட விடுவார்கள். எடை, உயரம், மார்பளவு, காது, கண், பல், பாதம் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். பாதம் தட்டையாக இருக்கிறது என்று சொல்லி அழ அழத் திருப்பி அனுப்பப்பட்ட பையன்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். அத்தனை சல்லடையில் சலித்து எடுத்த பிறகு, பத்து வருஷம் கழித்து "இது உனக்கு முன்பே இருந்தது" என்று சொல்ல வேண்டுமானால், சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது அதிலிருந்தே பிறக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும். சாதாரண வழக்குகளில் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிய முறை. இங்கே அது தலைகீழ். ஏன் என்றால், ஒருவரின் பணியிடப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்புகள், சேரும்போது செய்த பரிசோதனைப் பதிவு எல்லாம் அரசின் கையில் இருக்கின்றன. அவரிடம் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் புக் மட்டுமே.

மூன்றாவதுதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சின்ன இடம். சேரும்போது செய்த பரிசோதனையில் இந்த நோயைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ஆகவே இது பணிக்காலத்தில் வந்ததாகக் கொள்ள முடியாது என்று போர்டு சொல்லலாம். சொல்ல அதற்கு உரிமை உண்டு. ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறது என்று காரணம் எழுதியாக வேண்டும். தரம்வீர் சிங்கின் படிவத்தில் அந்தக் காரணம் இல்லை. வழக்கு அதில்தான் திரும்பியது.

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்துப் போவதை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் எண்ணி, தட்டிப் பார்த்து, ஓட்டை உடைசல் இல்லை என்று எழுதித்தான் கொடுப்பார். திரும்பி வரும்போது அண்டா நசுங்கி இருந்தால், "நீ கொடுக்கும்போதே நசுங்கித்தான் இருந்தது" என்று சும்மா சொன்னால் எடுபடுமா? எப்படி என்று விளக்க வேண்டியவர் எடுத்துப் போனவர்தான். மனிதரைப் பாத்திரத்தோடு வைத்துப் பேசக் கூடாதுதான். ஆனால் அண்டாவுக்குக் காட்டும் நியாயத்தை ஒரு மனிதருக்கும் காட்டச் சொல்லித்தான் தரம்வீர் சிங் பத்தொன்பது ஆண்டுகள் அலைந்தார்.

ஆக, நீதிபதிக்கு ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. டாக்டர் எழுதியது சரியான மருத்துவமா என்று அவர் பார்ப்பதில்லை. டாக்டர் எழுத வேண்டியதை எழுதினாரா, காரணம் சொன்னாரா, யார் நிரூபிக்க வேண்டியதை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்கிறார். அதற்குச் சட்டம் தெரிந்தால் போதும்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு வழக்குகளின் போக்கு மாறியது. 2014 ஜூனில் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. நோய்க்காக ஒருவரைப் பணியை விட்டே வெளியேற்றினால், இழப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்றே கருத வேண்டும் என்றது. வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு, ஆனால் உன் குறை 15 சதவீதம்தான் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அடுத்து 2015 பிப்ரவரி 13 அன்று ராஜ்பீர் சிங் வழக்கு. இதில் வழக்கே தலைகீழ்: தீர்ப்பாயம் வீரர்களுக்குக் கொடுத்த ஓய்வூதியத்தை எதிர்த்து மத்திய அரசு தொகுப்பாக மேல்முறையீடு செய்திருந்தது. நீதிபதிகள் டி.எஸ். தாக்கூரும் ஆர். பானுமதியும் அந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார்கள். இந்த ஓய்வூதியம் நன்மை செய்வதற்காக உண்டான ஏற்பாடு, அதைத் தாராள மனத்தோடுதான் பொருள்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது.

இதற்காக எல்லா வழக்கும் ஜெயித்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நலமாக இருந்தார் என்பது ஓர் அனுமானம். அனுமானத்தை எதிர்த்துக் காட்ட அரசுக்கு வழி உண்டு. 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கில் அதுதான் நடந்தது. அவருக்கு இருந்தது ஸ்கிசோஃப்ரினியா. மனநோய்கள் சில சமயம் வெளியே தெரியாமல் இருக்கும், சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது, ஆகவே அந்த அனுமானத்தை இயந்திரம் மாதிரி எல்லாருக்கும் பொருத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்குக் கொடுத்த பணிகள் அப்படியொரு மன அழுத்தத்தை உண்டாக்கக் கூடியவையா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. அவருடைய மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. எனக்கு இந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. மன அழுத்தத்தை எந்தப் படிவத்திலும் நாள் போட்டு எழுதி வைப்பதில்லை. வீட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, தாய்மொழி பேச ஆளில்லாத இடத்தில் நிற்கும் பையனுக்கு என்ன நடந்தது என்பதைக் கோப்பில் தேடினால் கிடைக்காது. ஆனால் மனநோய் வழக்குப் போடுபவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

விடுமுறையில் நடந்த விபத்துகளும் கடினமானவை. லீவில் ஊருக்கு வந்தபோது சொந்த வேலையாகப் போய் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்ட ஜுஜார் சிங் என்பவரின் வழக்கில், அடிபட்டதற்கும் படைப்பணிக்கும் தொடர்பு இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. படையில் இருந்த காலத்தில் நடந்தது என்பது மட்டும் போதாது, பணியோடு ஒரு கண்ணி இணைய வேண்டும் என்பது நீதிமன்றங்கள் விடாமல் சொல்லிவரும் ஒன்று.

இன்னொன்று, விதிகளே மாறியிருக்கின்றன. 1982ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு 2008இல் ஒரு தொகுப்பும் 2023 செப்டம்பரில் ஒரு தொகுப்பும் வந்தன. யார் எந்த நாளில் படையை விட்டு வெளியே வந்தாரோ அதைப் பொறுத்து எந்த விதி என்பது முடிவாகும். 1994இல் வந்தவருக்குச் சொன்ன தீர்ப்பை 2024இல் வந்தவர் அப்படியே எடுத்து வைத்துப் பேச முடியாது. வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

தீர்ப்பாயம் என்ன உத்தரவு போடும்? கோப்பிலேயே எல்லாம் தெளிவாக இருந்தால் ஓய்வூதியம் கொடு என்று நேரடியாகச் சொல்லும். சதவீதம் பற்றிச் சந்தேகம் இருந்தால், அல்லது முந்தைய மதிப்பீடு இத்தனை ஆண்டுகளுக்கு மட்டும் என்று போட்டுக் காலம் முடிந்திருந்தால், மறுபடியும் ஒரு மெடிக்கல் போர்டு வைத்துப் பார் என்று அனுப்பும். இதைத்தான் ரீசர்வே போர்டு என்பார்கள். ஒன்றுமே தேறாது என்றால் தள்ளுபடி. தீர்ப்பாயத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றம் போகலாமா என்பதில் எட்டு வருஷம் குழப்பம் இருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்கள் இந்த வழக்குகளை எடுக்க வேண்டாம் என்றது. தீர்ப்பாயச் சட்டப்படி உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போக வேண்டுமென்றால், பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருக்க வேண்டும். ஒரு தனி மனிதரின் மூச்சுத்திணறலில் அப்படிப்பட்ட கேள்வி எங்கிருந்து வரும்? அதனால் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. 2023 மார்ச் 21 அன்று பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் அந்த நிலை மாறியது. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை, அதாவது அரசு அமைப்புகளின் முடிவுகளை எதிர்த்து வரும் மனுக்களை நேராக ஏற்கும் அதிகாரத்தை, தீர்ப்பாயச் சட்டம் பறிக்கவில்லை என்று தெளிவானது. இப்போது சென்னைத் தீர்ப்பாயத்தில் தோற்றவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறலாம்.

ஜெயித்தாலும் அரசு மேல்முறையீடு செய்யுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பொய்யான பயம் அல்ல. இப்படிப்பட்ட வழக்குகளைக் குறைப்பதற்கென்றே 2015இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் ஒரு நிபுணர் குழு அமைக்க வேண்டிய நிலை இருந்தது. 2025 ஏப்ரலில்கூட, சியாச்சினில் பணியாற்றியபோது வலிப்பு வந்து 1989இல் வெளியேற்றப்பட்ட பிஜேந்தர் சிங்குக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்துதான் 50 சதவீதக் கணக்கில் ஓய்வூதியம் கிடைத்தது. அவருடைய வழக்கிலும் போர்டு காரணம் சொல்லவில்லை என்பதே பேச்சாக இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியும் அதே காலி இடம்.

காலம் கடந்துவிட்டதே என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு ஆறு மாதம். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். ஓய்வூதிய வழக்குகளில் இன்னொரு வசதியும் உண்டு. மாதாமாதம் வர வேண்டியது வராமல் இருப்பதால், தவறு ஒவ்வொரு மாதமும் புதிதாக நடக்கிறது என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தர்செம் சிங் 1983இல் வெளியேற்றப்பட்டு, 1999இல்தான் நீதிமன்றம் போனார். 2008இல் உச்ச நீதிமன்றம் அவருடைய ஓய்வூதிய உரிமையைத் தாமதம் கெடுத்துவிடவில்லை என்றது. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான் என்று வரம்பு போட்டது. அதாவது, தாமதித்தால் கதவு மூடாது, ஆனால் ஒவ்வொரு வருஷமும் கையிலிருந்து ஒரு வருஷப் பணம் நழுவிக்கொண்டே இருக்கும்.

அதனால் கடிதம் வந்த அன்றே செய்ய வேண்டியது சில உண்டு. மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகலை வாங்குங்கள். சுருக்கம் போதாது, காரணம் எழுதும் அந்தப் பக்கம் வேண்டும். சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, எந்தெந்த இடத்தில் எத்தனை மாதம் இருந்தார் என்ற பட்டியல், ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களின் குறிப்புகள் ஆகியவையும் வேண்டும். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீசுக்கே எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். பெரிய உயரத்திலோ, கடும் குளிரிலோ, மோதல் பகுதியிலோ இருந்த மாதங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். நோய் முதலில் தலைகாட்டிய இடம் அந்தப் பட்டியலில் இருந்தால், பணியால் கூடியது என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது பெரியப்பா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா பெயரில் எழுதிப் போட்டோம். போர்டு படிவத்தின் நகல் ஒன்று போதும், அந்தக் காரணப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று கேட்டோம். ஓய்வூதியம் பெறாதவர்களின் கோப்புகளைக் குறிப்பிட்ட காலம் மட்டும் வைத்திருந்து அழித்துவிடுவது வழக்கம், இவருடைய கோப்பும் அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்தக் கடிதமும் அரைப் பக்கம்தான். பெரியம்மா அதை வாங்கி, பழைய கடிதத்துக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினார்.